பள்ளிக்கரணைச் சதுப்பு ஓரம் வீடு: வாங்குவோரும் கட்டுவோரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தென் சென்னையில் பள்ளிக்கரணைச் சதுப்பைச் சுற்றியுள்ள மேடவாக்கம், பெரும்பாக்கம், சித்தாலப்பாக்கம், சோழிங்கநல்லூர் பக்கம் மனையோ அப்பார்ட்மென்ட்டோ பார்ப்பவர்கள், ஏற்கெனவே குடியிருப்பவர்கள், சின்ன அளவில் கட்டடம் கட்டுபவர்கள் எல்லோரும் எங்கள் குடியிருப்போர் நலச்சங்கக் கூட்டங்களில் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். நான் வக்கீல் அல்ல, பறவை நிபுணரும் அல்ல. இந்தப் பக்கம் குடியிருந்துகொண்டு ஆவணங்களைப் புரட்டிப் பார்க்கும் ஆள், அவ்வளவுதான். பதிலில் ஆங்காங்கே என் அபிப்பிராயமும் வரும்.

பள்ளிக்கரணை என்பது எதுவரைக்கும்? வேலி போட்ட இடம்தானே?

வேலி போட்ட இடம் வனத்துறையின் காப்புக்காடு. 2007-ல் ஒரு பகுதியைக் காப்புக்காடாக அறிவித்தார்கள், பிறகு அது விரிந்தது. 2022-ல் ராம்சர் பட்டியலில் (சர்வதேச முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் பட்டியல்) சேர்ந்தபோது குறிக்கப்பட்ட பரப்பு 1,247.54 ஹெக்டேர், அதாவது மூவாயிரம் ஏக்கருக்குக் கொஞ்சம் மேல். இதில் ஏறத்தாழ 700 ஹெக்டேர்தான் காப்புக்காடு. மிச்சம் வேலிக்கு வெளியே இருக்கிறது. அதில் பட்டா நிலங்களும் உண்டு என்பதால்தான் இப்போது இத்தனை வழக்கு.

இதுவும் மிச்சம் மீதிதான். ஒரு காலத்தில் இந்தக் கழுவெளி (சதுப்பு நிலம்) 5,000 ஹெக்டேருக்கு மேல் பரந்து கிடந்தது என்று கணக்கிடுகிறார்கள். வேளச்சேரி ரயில் நிலையம், 200 அடி ரேடியல் சாலை, ஐடி கம்பெனிகள், பெருங்குடி குப்பைமேடு, அரசு ஆராய்ச்சி நிறுவனங்கள் எல்லாம் அதற்குள்ளேயோ அதன் ஓரத்திலேயோ வந்தவைதான்.

நான் பார்க்கும் இடம் சதுப்பிலிருந்து 2 கிலோமீட்டர் தள்ளி. எனக்கென்ன கவலை?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

பள்ளிக்கரணைக்குச் சுமார் 250 சதுர கிலோமீட்டர் பரப்பிலிருந்து தண்ணீர் வருகிறது. சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம் என்று மேலே இருக்கும் ஏரிகள் நிரம்பிக் கலங்கல் வழியாக வழியும். செம்பாக்கம் ஏரித் தண்ணீர் நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என்று ஒவ்வொன்றாக இறங்கிக் கடைசியில் சதுப்புக்கு வந்து சேரும். வேளச்சேரி, மடிப்பாக்கம், பெரும்பாக்கம், ஒட்டியம்பாக்கம் பக்கத்திலிருந்தும் வரும். இவ்வளவு தண்ணீரும் வெளியேற முக்கியமான வாய் ஒக்கியம் மடுவு. அங்கிருந்து பக்கிங்காம் கால்வாய்க்குப் போய், அது வழியாகத் தெற்கே முட்டுக்காடு முகத்துவாரத்தில் கடலைச் சேர வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 250 சதுர கிலோமீட்டரில் 10 செ.மீ. மழை பெய்தால் விழும் தண்ணீர் 2,500 கோடி லிட்டர். டிஎம்சி கணக்கில் கிட்டத்தட்ட 0.9. செம்பரம்பாக்கம் ஏரியின் முழுக் கொள்ளளவே 3.6 டிஎம்சி சொச்சம். மண்ணில் இறங்குவது, ஏரிகளில் தங்குவது போக மீதியெல்லாம் இங்கேதான் வந்தாக வேண்டும். 2015 டிசம்பர் 1-ஆம் தேதியை ஒட்டிய 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பெய்தது 49 செ.மீ. மிச்சத்தை நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள்.

ஆக, உங்கள் மனை சதுப்பிலிருந்து எவ்வளவு தூரம் என்பதைவிட, இந்தத் தண்ணீர் போகும் பாதையில் அது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் கேள்வி. 3 கிலோமீட்டர் தள்ளி, ஒரு ஏரியின் கலங்கலுக்குக் கீழே போக்குக் கால்வாய் மேல் இருக்கும் மனை, சதுப்பை ஒட்டிய மேட்டு மனையைவிட மோசம். அந்தக் கால்வாயை மூடிக் கட்டினால் மேலே ஏரிக்கரையில் இருப்பவருக்கு வெள்ளம், கீழே சதுப்புக்குத் தண்ணீர்ப் பஞ்சம். இரண்டும் ஒரே வேலையால் வருவது.

மண் கொட்டி மேடாக்கிவிட்டால் வெள்ளம் வராதே?

உங்களுக்கு வராது. பக்கத்து வீட்டுக்காரருக்கு வரும்.

ஒரு ஏக்கரை ஒரு மீட்டர் உயர்த்தினால், அங்கே நிற்க வேண்டிய சுமார் 40 லட்சம் லிட்டர் தண்ணீர் வேறு இடம் தேடுகிறது. 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் கணக்குப் பார்த்தால் முந்நூறு லாரிக்கு மேல். பத்து ஏக்கர் லேஅவுட் என்றால் மூவாயிரம் லாரிக்கு மேல். பிறகு பக்கத்து மனைக்காரரும் ஒன்றரை மீட்டர் உயர்த்துவார், மாநகராட்சி சாலையை உயர்த்தும். இந்தப் பக்கத் தெருக்களில் நடந்து பாருங்கள். முப்பது வருடப் பழைய வீடுகளின் வாசலில், ஒரு காலத்தில் ஏறிப் போன படிகளில் இப்போது இறங்கிப் போகிறார்கள். அந்த வாசலில் செங்கல் வைத்துச் சிமென்ட் பூசி ஓரடி உயரத்துக்குத் தடுப்பு கட்டியிருப்பார்கள். சதுப்பு ஓரத்தில் மனை உயர்த்தும் போட்டியின் முழு வரலாறும் அந்தத் தடுப்பில் இருக்கிறது.

கொட்டும் மண்ணும் பெரும்பாலும் மண் இல்லை. இடித்த கட்டடத்தின் கான்கிரீட், ஓடு, பிளாஸ்டிக் எல்லாம் கலந்து வரும். இரவில் லாரி வந்தால் என்ன கொட்டுகிறார்கள் என்று போய்ப் பாருங்கள்.

அப்போ எப்படித்தான் கட்டுவது?

நிலத்தை உயர்த்தாமல் வீட்டை உயர்த்துங்கள். தரைத்தளத்தைத் தூண்கள் மேல் திறந்த கார் நிறுத்தமாக விட்டு, மின் பேனல், ஜெனரேட்டர், மோட்டார் இவற்றை முதல் தளத்துக்கு ஏற்றிவிட்டால், வருடத்தில் இரண்டு நாள் தண்ணீர் வந்தாலும் வந்த வழியே போய்விடும். இந்தப் பகுதியில் பேஸ்மென்ட் தோண்டுவது என் பார்வையில் வீண் வேலை. தோண்டும்போதே மாதக்கணக்கில் ஊற்று நீரை இறைக்க வேண்டும், அந்தச் சேற்றுத் தண்ணீரை நேராக மழைநீர் வடிகாலில் விடுவார்கள், அது சதுப்பில் போய்ச் சேறாகப் படியும். கட்டி முடித்த பிறகும் மழைக்காலம் முழுக்க மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும்.

காம்பவுண்டு சுவரையும் யாரும் யோசிப்பதில்லை. தண்ணீர் வரும் திசைக்குக் குறுக்கே ஏழடிக்குச் செங்கல் சுவர் எழுப்பினால் அது அணைதான். தண்ணீர் பாயும் பக்கத்திலாவது கீழே திறப்பு விட்டு, மேலே கம்பி வேலி போடலாம். ஆமை, தவளை, கீரிக்கும் அதே திறப்பு வழியாகும்.

மழைநீர் சேகரிப்பைப் பற்றியும் ஒன்று. தமிழ்நாட்டில் அது 2003 முதல் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயம். ஆனால் சதுப்பு ஓரக் களிமண்ணில், ஐப்பசியிலேயே நிலத்தடி நீர் மேலே வந்துவிட்ட இடத்தில், உறிஞ்சு குழி வெட்டினால் அது நிரம்பி அப்படியே நிற்கும். அங்கே மொட்டை மாடித் தண்ணீரைத் தொட்டியில் சேர்த்துப் பயன்படுத்துவதுதான் வேலைக்கு ஆகும். அனுமதிக்காகக் குழி வெட்டிக் காட்டுவது வேறு, தண்ணீர் சேகரிப்பது வேறு.

கோடையில் சதுப்பு ஓரம் காய்ந்து கிடக்கிறது. அப்போது வேலையை முடித்துவிட்டால் பறவைகளுக்குத் தொல்லை இல்லையே?

நல்ல எண்ணத்தில்தான் கேட்கிறார்கள். ஆனால் விஷயம் வேறு.

பூநாரை, உள்ளான், வாத்து வகைகள் கூட்டமாக வருவது மழைக்குப் பிறகு, குளிர்காலத்தில். அதனால் மற்ற மாதங்கள் காலி என்று நினைத்துவிடுகிறோம். உண்மையில் கோடைதான் தரையில் முட்டையிடும் பறவைகளின் காலம். நெடுங்கால் உள்ளான் தண்ணீர் வற்றிய சேற்று ஓரத்தில், நாலைந்து குச்சியை இழுத்துப் போட்டுவிட்டு நாலு முட்டை இடும். ஆள்காட்டிக் குருவிக்குக் கூடு என்றே ஒன்று கிடையாது. சரளைக் கல்லுக்கு நடுவே ஒரு சின்னப் பள்ளம், அதில் கல் நிறத்திலேயே முட்டைகள். இரண்டடி தூரத்தில் நின்றாலும் தெரியாது. லாரி டயருக்கு எங்கே தெரியப்போகிறது? நீங்கள் நடக்கும்போது ஆள்காட்டி தலைக்கு மேலே கத்திக்கொண்டு சுற்றினால், பக்கத்தில்தான் முட்டை இருக்கிறது என்று அர்த்தம். அந்த இடத்தில் நாலு குச்சி நட்டு ரிப்பன் கட்டிவிட்டு, ஒரு மாதம் வண்டி போகாமல் பார்த்துக்கொண்டால் போதும். குஞ்சு பொரித்த கையோடு நடக்க ஆரம்பித்துவிடும்.

பிறகு ஆடி, ஆவணி வாக்கில் இலைக்கோழி. நீளவால் இலைக்கோழி மிதக்கும் செடி மேலேயே முட்டையிடும். அடைகாப்பதும் குஞ்சைப் பார்த்துக்கொள்வதும் ஆண் பறவை. பெண் அடுத்த ஆண் பறவையைத் தேடிப் போய்விடும். கட்டுமான இடத்திலிருந்து ராத்திரியோடு ராத்திரியாகத் தண்ணீரை இறைத்துச் சதுப்பு ஓரக் குட்டையில் விட்டால் நீர் மட்டம் திடீரென ஏறும், கூடு போய்விடும்.

ஆக முழு வருடமும் ஏதாவது ஒன்று நடந்துகொண்டிருக்கும். நடைமுறையில் செய்யக்கூடியது இது: சதுப்பை ஒட்டிய பட்டையை வேலைக்களமாக ஆக்காதீர்கள். கம்பி அடுக்குவது, ஜல்லி கொட்டுவது, தொழிலாளர் தகரக் கொட்டகை எல்லாம் சாலைப் பக்கமாக இருக்கட்டும். பைலிங் போன்ற சத்தமான வேலையைக் கார்த்திகை முதல் மாசி வரை செய்யாமல் இருக்க முடிந்தால் நல்லது. தோண்டத் தொடங்கும் முன் பறவை தெரிந்த ஒருவரைக் கூட்டிவந்து ஒருமுறை நடக்க விடுங்கள். சென்னையில் அப்படிப்பட்டவர்களுக்குப் பஞ்சமில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் ரேடியல் சாலை ஓரம் பைனாகுலரோடு நிற்பவர்களைக் கேட்டாலே போதும்.

சட்டம் என்ன சொல்கிறது? 50 மீட்டர் விதி என்கிறார்களே?

2017-ஆம் ஆண்டு ஈரநிலங்கள் (பாதுகாப்பு மற்றும் மேலாண்மை) விதிகளில் வருவது அது. ராம்சர் இடங்களுக்கும் அரசு அறிவிக்கை செய்த ஈரநிலங்களுக்கும் இந்த விதிகள் பொருந்தும். நிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்றக் கூடாது, ஆக்கிரமிக்கக் கூடாது, குப்பை கொட்டக் கூடாது, சுத்திகரிக்காத கழிவுநீரை விடக் கூடாது. படகுத்துறை தவிர நிரந்தரக் கட்டுமானம் எதுவும், விதிகள் நடைமுறைக்கு வந்த நாளுக்கு முந்தைய பத்து ஆண்டுகளில் காணப்பட்ட சராசரி உச்ச வெள்ள மட்டத்திலிருந்து 50 மீட்டருக்குள் வரக் கூடாது.

கவனியுங்கள், 50 மீட்டரை வேலியிலிருந்து அளக்கச் சொல்லவில்லை. வெள்ளம் ஏறிய மட்டத்திலிருந்து அளக்க வேண்டும். இந்தத் தட்டைப் பூமியில் வெள்ளம் எவ்வளவு தூரம் ஏறும் என்பது இங்கிருப்பவர்களுக்குத் தெரியும். புரோக்கர்கள் "வேலியிலிருந்து 60 மீட்டர் சார், பிரச்சினையே இல்லை" என்று சொன்னால் இதைக் கேளுங்கள்.

அதே விதிகளில் "தாக்கப் பகுதி" என்றும் ஒன்று உண்டு. ஈரநிலத்தின் நீர்பிடிப்பில், எங்கே கட்டுமானம் வந்தால் ஈரநிலம் கெடுமோ அந்தப் பகுதி. பள்ளிக்கரணைக்கு அதை அறிவியல்பூர்வமாக வரையறுக்காமலே அனுமதிகள் போய்க்கொண்டிருந்தன. 2025 செப்டம்பரில் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, ஆய்வு முடியும்வரை ராம்சர் எல்லையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் புதிய திட்ட அனுமதி தரக் கூடாது என்று உத்தரவிட்டது. அதன் பிறகு உயர் நீதிமன்றத்திலும் வழக்குகள் வந்தன. நீதிமன்ற விவகாரம் மாதத்துக்கு மாதம் மாறும். பணம் கட்டும் முன் அன்றைய நிலவரத்தை ஒரு வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பில்டரின் வக்கீலிடம் வேண்டாம்.

எங்கள் தெரு ஏரிக்கும் இந்த விதிகள் உண்டா?

இங்கேதான் பெரிய ஓட்டை. விவசாயப் பாசனத்துக்கென்றும் குடிநீருக்கென்றும் மனிதர்கள் வெட்டிய நீர்நிலைகள் 2017 விதிகளின் வரையறையிலேயே வராது. தென் சென்னையைச் சுற்றியுள்ள ஏரிகள் பெரும்பாலும் பாசனத்துக்கு வெட்டியவை. ஆயக்கட்டு (அந்த ஏரித் தண்ணீரில் பாசனம் பெற்ற நிலம்) போய் ஐம்பது வருடம் ஆகியிருக்கலாம், ஏரியில் நாமக்கோழியும் நீலத் தாழைக்கோழியும் கூடு கட்டலாம், ஆனாலும் அது "பாசன ஏரி". தேசிய வரைபடத் தொகுப்பில் உள்ள, 2.25 ஹெக்டேருக்கு மேற்பட்ட 2,01,503 ஈரநிலங்களுக்கும் இந்தப் பாதுகாப்புக் கொள்கையைப் பின்பற்றச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2017-ல் உத்தரவிட்டிருக்கிறது. அதை முன்வைத்து வாதாடலாம். கைக்கு நெருக்கமான ஆயுதம் 2007-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம். அது நீர்வளத்துறையின் ஏரிகளுக்கானது.

வாங்கும் முன் நானே என்னென்ன பார்க்கலாம்?

முதலில் ஆவணம். சர்வே எண்ணை வாங்கிக்கொண்டு, வருவாய்த் துறையின் "எங்கிருந்தும் எந்நேரமும்" இணையதளத்தில் பட்டா, அ-பதிவேடு (ஒவ்வொரு சர்வே எண்ணும் என்ன வகை நிலம் என்று சொல்லும் பதிவேடு), புலப்படம் (நிலத்தின் அளவு வரைபடம்) மூன்றையும் எடுங்கள். பட்டாவைப் பார்த்ததும் நிம்மதியாகிவிட வேண்டாம். அ-பதிவேட்டில் அந்த எண்ணும், அதைவிட முக்கியமாகச் சுற்றியுள்ள எண்களும் என்ன வகை என்று பாருங்கள். ஏரி, தாங்கல், கழுவெளி, ஓடை, வாய்க்கால், குட்டை, புறம்போக்கு என்று பக்கத்து எண்ணில் இருந்தால் அது எங்கிருந்து எங்கே போகிறது என்று கிராம வரைபடத்தில் தேடுங்கள். வரைபடத்தில் வாய்க்கால் இருந்து, தரையில் அந்த இடத்தில் முப்பதடிச் சாலை இருந்தால், மழைக்காலத்தில் அந்தச் சாலை என்னவாக மாறும் என்று சொல்ல வேண்டியதில்லை. வில்லங்கச் சான்றை மட்டும் நம்பி வாங்குபவர்கள் அதிகம். அதில் பத்திரப் பதிவுகள் தெரியும், தண்ணீர் தெரியாது.

அப்புறம் கூகுள் எர்த்தில் பழைய செயற்கைக்கோள் படங்களைத் தேதி வாரியாகத் தள்ளிப் பாருங்கள். இருபது வருடம் பின்னால் போனால் உங்கள் "கிரீன் வியூ" டவர் நிற்கும் இடம் என்ன நிறத்தில் இருந்தது என்று தெரிந்துவிடும். 20,000 சதுர மீட்டருக்கு மேல் கட்டும் திட்டங்களுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி கட்டாயம். அதற்கான விண்ணப்பமும் நிபந்தனைகளும் மத்திய அரசின் பரிவேஷ் தளத்தில் கிடைக்கும். அதில் "அருகிலுள்ள நீர்நிலை, தூரம்" என்ற வரியைப் படியுங்கள். சில விண்ணப்பங்களில் அந்த வரி ஒரு சிறுகதை. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலம் அல்லது எட்டு வீடுகளுக்கு மேல் என்றால் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண்ணும் இருக்க வேண்டும். ஆனால் ரெரா எண் இருப்பதால் அது சதுப்பு இல்லை என்று ஆகிவிடாது.

கடைசியாக நேரில். ஞாயிற்றுக்கிழமை சைட் விசிட்டில், கம்பெனி காரில் ஏறாமல் தனியாகப் போங்கள். தெரு முனை டீக்கடையில் 2015-லும் 2023 மிக்ஜாம் புயலிலும் தண்ணீர் எவ்வளவு நின்றது என்று கேளுங்கள், கடைக்காரர் சுவரில் கையை வைத்தே காட்டுவார். டிரான்ஸ்பார்மர் பீடம் எவ்வளவு உயரம்? காலி மனைகளில் தண்ணீர் நிற்கும் இடத்தில் முளைக்கும் சம்பும் கோரையும் வளர்ந்திருக்கிறதா? நவம்பரில் ஒருமுறை போகாமல் முன்பணம் கொடுக்காதீர்கள். பங்குனியில் எல்லா மனையும் மேட்டு மனைதான்.

பட்டா நிலம் வைத்திருப்பவர் என்ன பாவம் செய்தார்?

நியாயமான கேள்வி. மூன்று தலைமுறையாகப் பட்டா வைத்து, வரி கட்டி, ஒருபோகம் நெல் விளைவித்தவரிடம் திடீரென்று "இது ராம்சர் எல்லை" என்றால் அவருக்குக் கோபம் வரும். மாற்று நிலமோ இழப்பீடோ தருவது அரசின் பொறுப்பு என்று நினைக்கிறேன். அது பேசப்படாததால்தான் அவர் கிடைத்த விலைக்குப் பெரிய கம்பெனிக்கு விற்கிறார், கம்பெனி மண் கொட்டி அனுமதி வாங்குகிறது, கடைசியில் இருபது வருட வீட்டுக்கடனோடு சிக்கிக்கொள்வது பிளாட் வாங்கியவர்.

அரசாங்கமே சதுப்பில் கட்டியிருக்கிறதே, எங்களை மட்டும் கேட்பானேன்?

உண்மைதான், மழுப்ப வேண்டியதில்லை. நகரத்தின் குப்பை இத்தனை ஆண்டுகள் சதுப்புக்குள்தான் கொட்டப்பட்டது. பழைய குப்பையைத் தோண்டிப் பிரித்தெடுத்து நிலத்தை மீட்கும் வேலை பெருங்குடியில் பிறகுதான் தொடங்கியது.

எனக்கு அதைவிட உறுத்துவது மறுகுடியமர்வு. கூவம், அடையாறு கரைகளில் குடிசை போட்டவர்களை "நீர்நிலை ஆக்கிரமிப்பு" என்று அப்புறப்படுத்தி, கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று இந்தத் தாழ்வான பகுதிக்கே கொண்டுவந்து அடுக்குமாடிகளில் வைத்தார்கள். ஒரு ஆற்றின் வெள்ளத்திலிருந்து எடுத்து இன்னொரு வெள்ளத்தில் விட்டது போலத்தான். வேலை, பள்ளிக்கூடம் எல்லாம் இருபது கிலோமீட்டர் தள்ளிப் போனது தனி. ஆகவே "ஆக்கிரமிப்பை அகற்று" என்று கோஷம் போடும்போது யாருடையது முதலில் அகற்றப்படுகிறது என்றும் பார்க்க வேண்டும். குடிசைக்கு ஒரே நாளில் ஜேசிபி வருகிறது.

ஏற்கெனவே வாங்கிக் குடியும் வந்துவிட்டோம். இனி என்ன செய்ய?

நிறையச் செய்யலாம். முதலில் கழிவுநீர். உங்கள் அப்பார்ட்மென்ட் சுத்திகரிப்பு நிலையம் உண்மையில் ஓடுகிறதா என்று ஒருநாள் போய் நின்று பாருங்கள். கரண்ட் பில்லை மிச்சம் பிடிக்க மோட்டாரை நிறுத்திவிட்டு, ராத்திரியில் மழைநீர் வடிகாலில் திறந்துவிடும் இடங்கள் உண்டு. இந்தச் சதுப்பு மழையில் நிரம்பிக் கோடையில் ஓரம் வற்ற வேண்டிய ஒன்று. வருடம் முழுக்கச் சாக்கடைத் தண்ணீர் வந்துகொண்டே இருந்தால் அது வற்றாது, சத்து மிகுந்து ஆகாயத்தாமரை மூடிக்கொள்ளும், சேற்றில் இரை தேடும் பறவைக்கு இடம் இருக்காது. "தண்ணீர்தான் இருக்கிறதே" என்று வெளியிலிருந்து பார்ப்பவர் நினைப்பார்.

சதுப்புப் பக்கம் பார்த்த மாடி விளக்குகளைக் கீழ்நோக்கித் திருப்பி, மஞ்சள் வெளிச்சத்துக்கு மாற்றி, பத்து மணிக்கு மேல் அணைத்துவிடலாம். செலவே இல்லாத வேலை.

தெரு நாய்களுக்குச் சோறு வைப்பவர்கள் சதுப்பு ஓரத்தில் வைக்க வேண்டாம். அங்கே கூட்டம் சேர்ந்தால் தரைக்கூடுகளும் குஞ்சுகளும் மிஞ்சாது. வீட்டுத் தொட்டியில் பெரிதாகிவிட்ட மீனையும் சிவப்புக்காது ஆமையையும் புண்ணியம் என்று நினைத்துச் சதுப்பில் விடுவதும் வேண்டாம். ஆப்பிரிக்கக் கெளுத்தி இப்படித்தான் பல நீர்நிலைகளில் புகுந்து நம் விரால், கெண்டைக் குஞ்சுகளைத் தின்றுகொண்டிருக்கிறது.

சதுப்பால்தானே இவ்வளவு கொசு?

டெங்கு பரப்பும் கொசு சுத்தமான தண்ணீர் தேங்கும் இடத்தில் வளர்வது: கட்டுமான இடத்தின் லிஃப்ட் குழி, க்யூரிங்குக்குக் கட்டிய தண்ணீர், மூடாத தொட்டி, பூந்தொட்டித் தட்டு. சாயங்காலம் காதில் ரீங்காரமிடும் சாதாரணக் கொசு சாக்கடையில் வளர்வது. மீனும் தவளையும் தட்டானும் உள்ள சதுப்பில் கொசுப் புழுக்களைத் தின்ன ஆள் உண்டு. முதலில் உங்கள் லிஃப்ட் குழியை எட்டிப் பாருங்கள்.

பாம்பு வருகிறதே?

வரும். மழைக்காலத்தில் அது இருந்த இடத்தில் தண்ணீர் ஏறினால் மேட்டுக்குத்தான் வரும். பெரும்பாலும் தண்ணீர்ப் பாம்பு, சாரை, இரண்டுக்கும் விஷம் இல்லை. கண்ணாடி விரியனும் இந்தப் பகுதியில் உண்டு, ஆகவே அடையாளம் தெரியாமல் கிட்டே போகாதீர்கள். தூரத்தில் நின்று கண்ணில் வைத்துக்கொண்டு வனத்துறையையோ தீயணைப்புத் துறையையோ கூப்பிடுங்கள். அடிப்பது 1972-ஆம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வளாகத்தில் செங்கல் குவியலும் குப்பையும் இல்லாவிட்டால் எலி குறையும், எலி குறைந்தால் பாம்பும் குறையும்.

மீறல் நடக்கிறது என்று தெரிந்தால் யாரிடம் போவது?

முதலில் ஆதாரம். தேதி, இருப்பிடக் குறிப்போடு படம் எடுங்கள். லாரி எண், சர்வே எண், கிராமத்தின் பெயர் மூன்றும் இருந்தால் புகாருக்குப் பலம். "பள்ளிக்கரணையில் மண் கொட்டுகிறார்கள்" என்று மட்டும் எழுதினால், எந்தத் துறையும் அது எங்கள் எல்லை இல்லை என்று திருப்பி அனுப்பிவிடும்.

காப்புக்காட்டுக்குள் என்றால் வனத்துறை. வெளியே என்றால் மாவட்ட ஆட்சியர், அனுமதி விஷயத்துக்குச் சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்), கழிவுநீர், குப்பைக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். ஈரநில விதி மீறல் என்றால் மாநில ஈரநில ஆணையத்துக்கும் ஒரு நகல். சுற்றுச்சூழல் அனுமதி பெற்ற திட்டம் என்றால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை நிபந்தனைகளை நிறைவேற்றிய அறிக்கை தர வேண்டும். அதைக் கேட்டு வாங்குங்கள். கிடைக்காவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள்.

எதுவும் நகராவிட்டால் தேசிய பசுமைத் தீர்ப்பாயம். தென்மண்டல அமர்வு சென்னையிலேயே இருக்கிறது. இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய், வக்கீல் இல்லாமல் நீங்களே நின்று பேசலாம். கெடுவை மட்டும் தவறவிடாதீர்கள்: பிரச்சினை எழுந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும், தகுந்த காரணம் இருந்தால் இன்னும் 60 நாள் தருவார்கள். சுற்றுச்சூழல் அனுமதியையே எதிர்ப்பதாக இருந்தால் 30 நாள்தான், அதற்கும் மேல் அதிகபட்சம் 60 நாள். நலச்சங்கக் கூட்டம் கூட்டித் தீர்மானம் போட்டு, நன்கொடை வசூலித்து என்று இழுத்துக்கொண்டே போய் இந்தக் கெடுவைத் தாண்டிவிடுகிறார்கள். மனுவைப் போட்டுவிட்டு மற்றதைப் பேசிக்கொள்ளலாம்.